அக்காவின் கன்னத்துக் காவி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் தம்பியின் வணக்கம்.

அக்கா போய் இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மயிலாப்பூரில் ஓர் அச்சாபீசில் தாள் மடிக்கிறேன், தைக்கிறேன், வெட்டுகிறேன். பிறத்தியார் எழுதினதை மடித்துத்தான் பழக்கம். எழுதிப் பழக்கம் இல்லை. அச்சாபீசு முதலாளி, "படித்தவர் யாரையாவது விட்டு எழுதித் தரச் சொல்கிறேனே" என்றார். வேண்டாம் என்றேன்.

அக்கா டாக்டர் பேச்சைக் கேட்காமல் உடம்பைத் தானே கெடுத்துக்கொண்டு போனார் என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். சாவு வீட்டிலேயே சொன்னீர்கள். நான் அங்கேதான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. நடந்தது வேறு. அதை நான்தான் எழுத வேண்டும்.

அக்கா பிறந்தது சைதாப்பேட்டையில், அடையாற்றங்கரைக் குடிசையில். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை செய்தார்கள். நான் பிறந்தபோது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே சூளைக்கும் வீட்டுக்கும் நடந்தவர். விஷக் காய்ச்சல் வந்த வருஷத்தில் ஒரே மாதத்துக்குள் அப்பா, அம்மா, அக்காவின் வீட்டுக்காரர் மூன்று பேரும் போனார்கள். மிச்சம் நாங்கள் இரண்டு பேர். எனக்கு ஏழு வயது.

அதன் பிறகு அக்கா மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. கேட்டு வந்தார்கள். "இவனையும் சேத்துக் கட்டிக்கிறவன் இருந்தா வரச் சொல்லு" என்பார். வந்தவர்கள் போய்விடுவார்கள்.

மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை போட்டு வீடு கட்ட ஆரம்பித்த காலம் அது. இப்போது தியாகராய நகர் என்கிறார்கள். அக்கா அங்கே சித்தாளாகப் போனார். காலையில் சைதாப்பேட்டையிலிருந்து நடந்து போவார். பொழுது சாய நடந்து வருவார். நடுவில் மண் சட்டி, சுண்ணாம்புச் சட்டி, செங்கல். அங்கே இன்றைக்குப் பெரிய மனிதர்கள் குடியிருக்கிற வீடுகளில் ஏழெட்டு வீட்டு மாடிக்கு அக்கா கல் சுமந்திருக்கிறார். அந்தப் பக்கம் போனால் எனக்குக் காட்டுவார். "இந்த வூட்டு மாடிப்படி என் தலை மேல ஏறிப் போச்சுடா" என்பார்.

மேஸ்திரிகளுக்கு அக்காவிடம் பயம் உண்டு. ஒரு தடவை ஒருவர், "இன்னாம்மா சட்டியில பாதிதான் கீது?" என்றாராம். "மீதிய உன் கண்ணு தின்னுடுச்சு மேஸ்திரி" என்றாராம் அக்கா. பாதிச் சட்டிக்காரர் இல்லை அவர். மற்றவர்களைவிட ஒரு நடை கூடவே நடப்பார்.

பசி தெரியாமல் இருக்கப் புகையிலை போடுவார். வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் போடுவதுதான். இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வார். தூங்கும்போதும் அங்கே இருக்கும். எனக்கு அக்காவின் முகம் என்றால் இடது கன்னம் சற்று உப்பின முகம்தான்.

என்னை அச்சாபீசில் சேர்த்துவிட்டது அக்கா. எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அக்கா. பிறகு மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அறை பிடித்து மூன்று பேரும் இருந்தோம். அதுதான் அக்கா சுகப்பட்ட காலம். நாலு வருஷம்.

அதற்குப் பிறகு வாயில் புண் வந்தது. இடது கன்னத்தின் உள்பக்கம். முதலில் பல் குத்திவிட்டது என்றார். ஆறவில்லை. வைத்தியர் ஒருவர் படிகாரம் கொடுத்தார். இன்னொருவர் சூடு என்றார். ஐந்து மாதம் அப்படிப் போயிற்று. காரம் ஆகவில்லை. பிறகு உப்பும் ஆகவில்லை. என் வீட்டுக்காரி ஒரு நாள் தலையணை உறையைத் துவைக்க எடுத்து வந்து என்னிடம் காட்டினாள். ரத்தம். அன்றைக்கு அச்சாபீசில் சொல்லிவிட்டு அக்காவை ரிக்‌ஷாவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. அங்கே எங்களுக்கு நல்லதும் நடந்தது.

டாக்டர் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். கன்னத்திலிருந்து ஒரு துணுக்கு வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மறு வாரம், புற்று என்றார். கழுத்திலும் சின்னதாக நெறி கட்டியிருக்கிறது என்றார். ரேடியம் என்று ஒன்று இருக்கிறது, அதை ஊசிபோலச் செய்து கன்னத்துக்குள் ஏழு நாள் தைத்து வைத்தால் புற்று கருகும். கன்னம் ஆறின பிறகு கழுத்துக்கு ஒரு தடவை வைக்க வேண்டும். இரண்டும் முடிந்தால்தான் வைத்தியம் முடிந்ததாக அர்த்தம். அதை இரண்டு தடவை சொன்னார்.

அக்கா கேட்டார்: "வெச்சா பொழைப்பேனா தொரை?"

"வைக்காவிட்டால் பிழைக்க மாட்டாய்."

"அப்ப வெச்சுடுங்க. இவன் மூஞ்சப் பாருங்க, செத்தவன் மாதிரி நிக்கிறான்."

முதலில் அந்தப் பக்கத்துப் பற்களைப் பிடுங்கினார்கள். பிறகு ஊசிகளைத் தைத்தார்கள். ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு நூல். நூல்கள் வாயோரமாக வெளியே வந்து கன்னத்தில் ஒட்டியிருக்கும். ரேடியம் விலை மதிக்க முடியாத பொருளாம். காலையும் மாலையும் நர்சம்மா வந்து நூலை எண்ணிவிட்டுப் போவார். எங்களைக் கட்டிலருகே விடமாட்டார்கள். கதவோரம் நின்று பார்க்க வேண்டும். அக்கா என்னைப் பார்த்துக் கையால் ஜாடை காட்டினார். பிறகு விளங்காத குரலில் சொன்னார். "பொறந்ததுலேந்து என் கன்னத்துக்கு இவ்ளோ காவல் இருந்ததில்லடா."

பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மாள். நாக்கில் புண். பேச்சே வராது. அவருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் அக்காதான் வார்டு ஆயாவைக் கூப்பிடுவார். ஆயா ஒரு நாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா, பத்து தபா கூப்புடற? நான் இன்னா உன் மருமவளா?"

"மருமவளா இருந்தா ஒரு தபா கூட வந்திருக்க மாட்டியேம்மா. நீ நல்லவ, அதான் கூப்புடறேன்."

ஆயா சிரித்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். அக்காவுக்கும் சேர்த்து.

ஏழாம் நாள் ஊசியை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் அப்போது அச்சாபீசில் இருந்தேன். என் வீட்டுக்காரிதான் அழைத்து வந்தாள். நர்சம்மா அக்காவிடம் சொல்லியனுப்பினது இது: தோல் சிவக்கும், எரியும், உரியும். அது ரேடியத்தின் வேலை. தானாக ஆறும். எண்ணெய், சோப்பு, எதுவும் தடவக்கூடாது. மூன்றாம் வாரம் வர வேண்டும். அக்கா இதை அப்படியே என்னிடம் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. நன்றாகிவிட்டது என்று நினைத்தோம். அதன் பிறகுதான் ஆரம்பித்தது. வாய்க்குள் முழுவதும் வெந்து வெள்ளையாகத் தோல் படர்ந்தது. எச்சில் நின்றுபோயிற்று. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சின்னப் பித்தளைத் தம்ளரில் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நொடிக்கொரு தரம் நனைத்துக்கொள்வார். நொய்க் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, உப்பில்லாமல், ஆற வைத்துக் கொடுப்போம். அதுவும் எரியும். ருசி போய்விட்டது. "மண்ணு மாதிரி கீதுடா. பரவால்ல, மண்ணு எனக்குப் புதுசா?" என்றார்.

தெருமுனை சோடாக் கடைக்காரர் ஐஸ் துண்டுகளை மரத்தூளில் பொதிந்து கோணியில் சுற்றித் தருவார். அதை உடைத்து வாயில் போட்டால் கொஞ்ச நேரம் எரிச்சல் அடங்கும். அந்த நேரத்தில் கஞ்சியை ஊற்றிவிட வேண்டும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

வெளியில் கன்னம் சிவந்தது. பிறகு கறுத்துச் சிவந்தது. தாடை வரை கொப்புளம். நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்தாற்போல் எரிகிறது என்றார். படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பார். வந்து பார்த்தவர்கள், இது அக்கி என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. சின்ன வயதில் எனக்கு முதுகில் அக்கி வந்தபோது இதே நிறம். சைதாப்பேட்டைக் குயவர் காவி மண்ணைக் குழைத்து அதன் மேல் சிங்கப் படம் எழுதினார். மூன்று நாளில் உதிர்ந்துவிட்டது. அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போனது அக்காதான்.

"அக்கி எழுதிடலாம்க்கா" என்றேன்.

"ஒண்ணும் தடவக்கூடாதுன்னு சொன்னாங்கடா."

"அது எண்ணெய்க்குச் சொன்னது. இது மருந்தா? வெறும் மண்ணு. சாமி காரியம்."

"நர்சம்மா எதுவும்னாங்க."

"அவங்க மாதா கோயிலுக்குப் போற வேதக்காரங்க. அக்கி இன்னான்னு அவங்களுக்குத் தெரியுமா?"

அக்கா தம்ளரை எடுத்து நாக்கை நனைத்துக்கொண்டார். இரண்டு நாள் நான் விடாமல் சொன்னேன். அவர் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள், "இட்டுகினு வா. உன் மனசாவது ஆறட்டும்" என்றார்.

நான் போய் அதே குயவரை அழைத்து வந்தேன். அவர் வயசானவர். கன்னத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். "இது வேற மாதிரி கீதே நைனா" என்றார். நான், "அக்கிதான், எழுதுங்க" என்றேன். கோழி இறகால் கன்னத்திலிருந்து தாடை வரை பூசி, மேலே சிங்கம் போட்டார். வெற்றிலை பாக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

"ஜில்லுனு கீதுடா" என்றார் அக்கா. அன்றைக்குக் கொஞ்சம் கண் அசந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

மறு நாள் காவி காய்ந்தது. காய்ந்ததும் தோலைப் பிடித்து இழுத்தது. வெடித்த இடத்தில் நீர் வந்தது. அக்கியில் எழுதினதைக் கழுவக்கூடாது என்று வழக்கம். கழுவவில்லை. மேலும் இரண்டு தடவை அழைத்து வந்து பூசச் சொன்னேன். நாலாம் நாள் சீழ் வாடை. காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளும் அதுதான்.

டாக்டர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். நர்சம்மாவைப் பார்த்தார். "யார் இதைப் பூசினது?" என்றார்.

நான் பின்னால் துணித் தட்டி ஓரம் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். திறந்ததுதான். சத்தம் வரவில்லை.

"நான்தான் தொரை" என்றார் அக்கா. வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கும். குழறிக் குழறிச் சொன்னார். "எனக்கே தோணுச்சு. பூசிக்கினேன்."

"ஒன்றும் தடவாதே என்று சொன்னார்களா இல்லையா?"

"சொன்னாங்க."

"சொன்ன பிறகும் பூசினாயா?"

"ஆமா தொரை."

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இங்கிலீஷில் ஏதோ எழுதினார். புண்ணைக் கழுவிக் கட்டிவிடச் சொன்னார். கழுவும்போது அக்கா கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டார். காவியோடு தோலும் வந்தது. வெளியே வந்தபோது நர்சம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கழுத்துக்கு வைக்கிற பட்டியல்லேருந்து பேரை எடுத்துட்டாங்கப்பா. சொன்னதைக் கேக்காதவங்கன்னு எழுதிட்டாங்க. இருக்கிறது நாலு ஊசி, காத்திருக்கிறவங்க எத்தனை பேர் தெரியுமா? புண்ணு கட்ட மட்டும் வாங்க."

ரிக்‌ஷாவில் அக்கா வர, நான் பக்கத்தில் நடந்து வந்தேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். ரிக்‌ஷாவை மெள்ள இழுக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"எனக்காக அங்க நின்னு பேசறதுக்கு நீ ஒருத்தன்தான் கீற. உன் மேல கோவம் வந்தா உன்னை உள்ள விட மாட்டாங்க. அப்பால எனக்கு யாரு? என்னைத் திட்டினா இன்னா? நான் சட்டி தூக்கினவ. திட்டு எனக்குப் புதுசா?"

அக்காவின் கணக்கு அது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

மறு நாள் காலையில் போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். டாக்டரின் வண்டி வரும். இறங்கி உள்ளே போவதற்குள் பத்து எட்டுதான் எடுத்து வைப்பார். அந்தப் பத்து எட்டுக்குள் சொல்லி முடிக்க வேண்டும். அச்சாபீசில் வெட்டின தாள் துண்டில் எழுதி வைத்துக்கொண்டு போவேன். இன்றைக்குக் காய்ச்சல் இல்லை, சீழ் குறைந்தது, கழுத்தில் நெறி சுண்டைக்காய் அளவு இருக்கிறது. இப்படி. சேர்ந்தாற்போல், "அக்கா தெரியாம பண்ணிட்டாங்க ஐயா, மன்னிச்சுக்கணும்" என்பேன்.

"தெரியாமல் இல்லையே. தெரிந்துதான் செய்தேன் என்று அவளே சொன்னாளே" என்பார். போய்விடுவார்.

எட்டு நாள் அப்படி நின்றேன். எட்டு நாளும் என் தப்புக்கு அக்கா பேரில் மன்னிப்புக் கேட்டேன். நெறி சுண்டைக்காயிலிருந்து நெல்லிக்காய் அளவு ஆயிற்று. அதையும் துண்டில் எழுதினேன். டாக்டர் போன பிறகு நர்சம்மா அந்தத் துண்டை வாங்கிப் படிப்பார்.

எட்டாம் நாள் சாயங்காலம் அக்காவுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. "அவங்க சொன்ன பொய்ய நீங்களும் தெனம் போய் சொல்லிக்கினு வந்தா, அது நெசமாவே ஆயிடும்" என்றாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள் தாள் துண்டு எடுத்துப் போகவில்லை. வண்டி வந்தது. டாக்டர் இறங்கினார். நான் வழியில் நின்றேன்.

"பூசினது அக்கா இல்ல ஐயா. நான். குயவரைக் கூட்டியாந்தது நான். அக்கா வேணாம்னாங்க. நர்சம்மா சொன்னத ஒரு வார்த்தை விடாம எனக்குச் சொன்னாங்க. நான்தான் கேக்கல. எனக்குத் திட்டு விழக்கூடாதுன்னு அவங்க மேல போட்டுக்கினாங்க."

டாக்டர் நின்றுவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அன்றைக்கு நீ அங்கேதானே நின்றாய்?"

"ஆமா ஐயா."

"எட்டு நாளாக இங்கே நிற்கிறாய்."

"ஆமா ஐயா."

"முட்டாள்" என்றார். உள்ளே போனார். நான் அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் நர்சம்மா வந்தார். "சீட்டுல எழுதினதை அடிச்சிட்டாங்க. நாளைக்கு உங்க அக்காவைக் கூட்டிட்டு வாங்க" என்றார். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து நாளைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"இன்னா சொன்ன, திடீர்னு கூப்புடறாங்க?"

"சும்மா கெஞ்சினேன்."

"ம்" என்றார் அக்கா. ஆஸ்பத்திரியில் சேர்ந்த மறு நாள் என்னைக் கதவோரம் பார்த்ததும், "நர்சம்மா எல்லாம் சொல்லிட்டாங்க. ஒரு பொய்யக் கூட என்னை முழுசா சொல்ல வுட மாட்ட" என்றார். முகத்தின் ஒரு பக்கம் கட்டு. மற்றப் பக்கம் சிரித்தது.

கன்னத்துப் புண் சுத்தமாகும்வரை கழுத்தில் ஊசி வைக்க முடியாது என்றார்கள். அது ஒரு மாதம் ஆயிற்று. காவி போட்டிருக்காவிட்டால் அந்த ஒரு மாதம் வேண்டியதில்லை. பிறகு கழுத்துக்கு வைத்தார்கள். இந்தத் தடவை தோல் சிவந்தபோது ஒன்றும் தடவவில்லை. எதுவும் என்றால் எதுவும்தான். நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியைக்கூட நர்சம்மாவைக் கேட்டுத்தான் வைத்தோம். தானாகவே உரிந்தது. தானாகவே ஆறியது. நர்சம்மா சொன்னபடியே.

வாய் திறக்காமல் போனதற்கு நர்சம்மா ஒரு வழி சொன்னார். மெல்லிய மரச் சில்லுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் பல்லுக்கு நடுவில் வைத்து, தினம் கொஞ்சம் விரிக்க வேண்டும். அச்சாபீசில் வரிக்கும் வரிக்கும் நடுவே வைக்கிற புதுச் சில்லுகளை எழுத்துக் கோப்பவர் எடுத்துக் கொடுத்தார். நாலு சில்லில் ஆரம்பித்தோம். கண்ணில் நீர் வழியும். "இன்னொண்ணு போடுடா" என்பார் அக்கா கையால். பதினொன்று வரை போயிற்று. பதினோராவது சில்லு வைத்த அன்று ஓர் இட்லியை மோரில் கரைக்காமல் சாப்பிட்டார். ருசி தெரியவில்லை. சாப்பிட்டார்.

கன்னத்துப் புற்று கடைசிவரை திரும்பி வரவில்லை. கழுத்தில் இருந்தது நிற்கவில்லை. ஐப்பசியில் மறுபக்கமும் நெறி கட்டியது. டாக்டர் இனி வைப்பதற்கில்லை என்றார். எட்டு நாளும் அந்த ஒரு மாதமும் போகாமல் இருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "தெரியாது" என்றார். அவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வலிக்கு மருந்து கொடுத்தார்கள். மருந்து தீரும் முன்னால் போய் நின்று வாங்கி வர வேண்டும். தீர்ந்த பிறகு போனால் நடுவில் ஒரு பொழுது வலியில் போகும். அதை ஒரு தடவை தவறவிட்டேன். மறுபடி விடவில்லை.

கடைசி வாரத்தில் அக்கா என்னிடம் ஒன்று சொன்னார். "காவி பூச வெச்சது நீன்னு சொந்தக்காரங்க கிட்ட சொல்லாத. சோறு போட்டவளையே கொன்னுட்டான்னு சொல்லுவாங்க. உன் பொண்டாட்டி வயித்துல புள்ள கீது. நாளைக்கு அது காதுல வுழும்."

சரி என்றேன்.

தை மாதம் ஒரு மத்தியானம். என் வீட்டுக்காரி உதட்டை ஈரத் துணியால் நனைத்துக்கொண்டிருந்தாள். அக்கா துணியைப் பிடித்துக்கொண்டார். பிறகு விட்டார். அவ்வளவுதான்.

ஒரு வருஷம் அக்கா சொன்னபடி இருந்தேன். பங்குனியில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். பெயர் வைக்க வந்தவர்களில் ஒருவர் குழந்தையைப் பார்த்து, "அத்தை மூஞ்சி. அத்தை மாதிரி சொல்பேச்சுக் கேக்காதவளா ஆயிடாதே" என்றார். சிரித்தார்கள். கெட்ட மனசோடு சொன்னதில்லை. ஆனால் என் பெண்ணின் காதில் முதலில் விழுந்தது அது. அக்கா எது விழக்கூடாது என்று பயந்தாரோ, அதைவிட இது எனக்குப் பெரிதாகப் பட்டது. அதனால் அக்கா பேச்சை இந்த ஒரு தடவை மீறுகிறேன்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள்.

என் கையில் தாள் துண்டைப் பார்த்ததும் ஒதுக்கிவிடாமல் படித்துப் பார்த்த நர்சம்மாவுக்கு. சீட்டில் எழுதினதை அடித்த டாக்டருக்கு. தன் கையெழுத்தைத் தானே அடிக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? ஐஸ் கொடுத்த சோடாக் கடைக்காரருக்கு. பள்ளம் பார்த்துப் பார்த்து ரிக்‌ஷா இழுத்தவருக்கு. பேர் சொல்லி எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை. அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்த வார்டு ஆயாவுக்கு. உண்மையைச் சொல்லிக் கொடுத்த என் வீட்டுக்காரிக்கு.

சைதாப்பேட்டைக் குயவருக்கு. அவரைச் சிலர் தூற்றுகிறீர்கள் என்று கேள்வி. அவர் மேல் குற்றமில்லை. வேறு மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னார். நான்தான் எழுதுங்கள் என்றேன். அக்கா போன அன்று மண் குடம் அவர்தான் கொண்டுவந்தார். காசு வாங்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

தாளும் மையும் கொடுத்து இதை அச்சடித்துத் தரும் முதலாளிக்கு. எழுத்துக் கோத்த நண்பருக்கு. அக்கா வாயில் வைத்த சில்லுகளைக் கொதிநீரில் போட்டுக் காயவைத்து அவரிடமே கொடுத்தேன். பதினொன்றையும் இந்த மலரின் வரிகளுக்கு நடுவே வைத்துக் கோத்திருக்கிறார். கோத்துக்கொண்டே வந்தவர் காவி வருகிற இடத்தில் நிறுத்தி, "இந்தப் பக்கம் வேணுமா, யோசிச்சுக்கோ" என்றார். இருக்கட்டும் என்றேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ரேடியம் வைத்துத் தோல் சிவந்தால் அது அக்கி இல்லை. எழுத வேண்டாம். எரிகிறது என்றால் வைத்தவர்களிடமே போய்க் கேளுங்கள். கேட்கிறவர் முகம் கோணினாலும் நின்று கேளுங்கள். தப்பு செய்துவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள்.

இன்று சாப்பிட்டுப் போகிறவர்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டு போகலாம். ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள். என் பெண் காதில் விழும்படி சொல்லுங்கள்.

அவள் அத்தை சொன்னதைக் கேட்டவர். கேட்காதவன் நான்.

இப்படிக்கு,
தம்பி